‘புராசசர் போச்சு’ என்று முடிவு கட்டும் முன்...

கடந்த பருவ விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை. கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருக்கும் மேசைக் கணினியை முடுக்கினேன். விசிறிகள் சுழன்றன, திரையில் மதர்போர்டின் சின்னம் வந்தது. அடுத்து வரவேண்டியது விண்டோஸ். ஆனால், வந்தது நீலத்திரை. அடியில் சிறிய எழுத்துகளில் ‘டபிள்யூஎச்இஏ அன்கரெக்டபள் எரர்’ என்று இருந்தது. திருத்த முடியாத வன்பொருள் பிழை என்பது அதன் பொருள்.

கணினி தானாகவே மீண்டும் தொடங்கியது. மறுபடியும் நீலத்திரை. மூன்றாவது முறை திரையில் எதுவுமே வரவில்லை. பெட்டியின் கண்ணாடி வழியே பார்த்தேன். மதர்போர்டில் ‘சிபியு’ என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு சிறு விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

நான் பல்கலைக்கழகத்தில் கணினியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அந்த நேரத்தில் நான் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கணினியை ஆராயவில்லை. தம்பியின் அறைக்குப் போய் அவனை எழுப்பித் திட்டினேன்.

முதல் நாள் இரவு ஒரு மணி வரை அவன் விளையாடிக்கொண்டிருந்தான். இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதவேண்டியவன். “கேம் விளையாடி விளையாடியே கெடுத்துட்டே” என்றேன். “நான் ஒன்னும் பண்ணலக்கா” என்றான். நான் நம்பவில்லை.

நீலத்திரையைப் படமெடுத்து, தெரிந்த ஒரு கணினிக் கடைக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: “புராசசர் போச்சு. பழையது ஒன்னு போட்டுத் தரலாம். கூலியோட 550 ரிங்கிட்.”

அப்பா லோரி ஓட்டுநர். அந்தக் கணினியை மூன்று ஆண்டுகளுக்கு முன்பு 1,200 ரிங்கிட்டுக்குப் பழையதாகத்தான் வாங்கித் தந்தார். அன்றிரவு சாப்பிடும்போது, “ரெண்டு ஞாயித்துக்கிழமை கூடுதலா வேலைக்குப் போனா சரியாயிடும்” என்று சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு வாரத்தில் ஓய்வு கிடைப்பதே ஞாயிறு ஒரு நாள்தான். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் நான் யோசிக்கத் தொடங்கினேன். புராசசர் கெட்டுவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு செய்தி சொன்னது, ஒரு விளக்கு எரிந்தது. அவ்வளவுதானே?

செய்தி உண்மையில் என்ன சொல்கிறது?

நவீன புராசசர்கள் தங்களைத் தாங்களே கண்காணித்துக்கொள்கின்றன. ‘மெஷின் செக்’ என்று இதற்குப் பெயர். இன்டெல் நிறுவனம் 1995இல் வெளியிட்ட பென்டியம் புரோ முதல், இதற்கென ஒழுங்கான ஒரு கட்டமைப்பையே தன் புராசசர்களுக்குள் அமைத்தது. கணக்கிடும் கோர், இடைக்கால நினைவகமான கேச், வெளியே தரவைக் கொண்டுபோகும் பாதை எனப் பல பகுதிகளிலும் பிழையைக் குறித்துவைக்கும் சிறு பதிவேடுகள் இருக்கின்றன.

பிழைகளில் இரண்டு வகை உண்டு. புராசசர் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் பிழை ஒன்று. அது நடந்தது நமக்குத் தெரியவே தெரியாது. கணினி தொடர்ந்து ஓடும். மற்றொன்று திருத்த முடியாத பிழை. அதற்கு மேல் ஓடினால் தரவு பாழாகும் என்பதால் கணினி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நான் பார்த்த நீலத்திரை இந்த இரண்டாம் வகை.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறோம். வகுப்பில் ஆசிரியர் இல்லாதபோது, சத்தம் போடுபவர்களின் பெயரை வகுப்புத் தலைவர் வெண்பலகையில் எழுதுவார் அல்லவா? பலகையில் எழுதியவரும் சத்தம் போட்டவரும் ஒருவரல்லர். ‘புராசசரில் பிழை’ என்னும் செய்தியும் அப்படித்தான். பிழையைக் கண்டு குறித்தது புராசசர். அதற்குக் காரணம் புராசசராக இருக்கலாம். அதற்கு வரும் மின்சாரமாக, வெப்பமாக, ரேமாக, நாம் மாற்றிய ஓர் அமைப்பாகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மின்சாரத்தைத் துண்டிக்காமல் கணினி மறுதொடக்கம் ஆகும்போது, அந்தப் பதிவேடுகளில் இருப்பது பொதுவாக அழிவதில்லை. அடுத்த முறை எழும்போதுதான் இயங்குதளம் அதை எடுத்துப் படிக்கிறது. எனவே, இன்று காலை தொடங்கும்போது கண்ணில் படும் பிழைக்குறிப்பு, நேற்றிரவு நின்றுபோனதைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

குறிப்பேடும் கைப்பேசியும்

ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தேன். ஆய்வுக்கூடத்தில் எங்கள் விரிவுரையாளர் விடாமல் சொல்லும் விதி ஒன்று உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது. வீட்டில் அந்த விதி எனக்கு நினைவுக்கு வர ஒரு நாள் பிடித்தது.

முதலில், தொடங்கும் ஓட்டத்தைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்தேன். மின்விசையை அழுத்தியதும் கணினி தன் உறுப்புகளை வரிசையாகச் சோதிக்கிறது. பல மதர்போர்டுகளில் சிபியு, டிஆர்ஏஎம், விஜிஏ, பூட் என நான்கு விளக்குகள் இருக்கும். சோதனை எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்த விளக்கு அணையாமல் எரியும். விளக்கு இல்லாத போர்டுகளில் ‘பீப்’ ஒலியின் எண்ணிக்கையும் நீளமும் அதே வேலையைச் செய்யும். ஆனால், ஒலியின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கையேட்டைப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, முதல் நாள் என் கண்ணுக்குத் தப்பியது தெரிந்தது. சிபியு விளக்கு மட்டும் எரியவில்லை. சிபியு, டிஆர்ஏஎம், மறுபடி சிபியு என்று விளக்கு மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தது. டிஆர்ஏஎம் என்றால் ரேம். புராசசரும் ரேமும் ஒன்றோடொன்று பேச முயன்று, முடியாமல் திரும்பத் திரும்பத் தொடங்குகின்றன என்பதற்கு அது ஒரு தடயம்.

ஐந்தாவது முயற்சியில் விண்டோஸ் திறந்தது. உடனே என் பாடக் கோப்புகளையும் தம்பியின் கோப்புகளையும் வெளிவட்டில் நகலெடுத்தேன். வன்பொருள் பிழை உள்ள கணினியில் இதுதான் முதல் வேலை. மற்ற சோதனைகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்து, ‘ஈவன்ட் வியூவர்’ என்னும் பதிவேட்டைத் திறந்து, ‘சிஸ்டம்’ பகுதியில் ‘டபிள்யூஎச்இஏ-லாக்கர்’ எழுதிய குறிப்புகளை மட்டும் பிரித்தெடுத்தேன். அதில் 18 என்ற எண் திருத்த முடியாத பிழையையும், 19 என்ற எண் திருத்தப்பட்ட பிழையையும் குறிக்கும். ஒவ்வொரு குறிப்பிலும் ‘ஏபிஐசி ஐடி’ என்று ஓர் எண் இருக்கும். பிழையைச் சொன்னது புராசசரின் எந்தப் பகுதி என்பதற்கான அடையாள எண் அது.

இந்த எண் முக்கியமானது. ஒவ்வொரு முறையும் ஒரே எண் வந்தால், அந்த ஒரு கோர் பழுதாகியிருக்கிறதோ என்று சந்தேகிக்கலாம். எண் மாறிக்கொண்டே இருந்தால், எல்லாக் கோர்களுக்கும் பொதுவான ஒன்றைத் தேடவேண்டும்: மின்சாரம், வெப்பம், ரேம், பயோஸ் அமைப்பு. இது இறுதித் தீர்ப்பன்று. எங்கிருந்து தொடங்குவது என்பதற்கான வழிகாட்டி மட்டுமே.

என் குறிப்பேட்டில் ஆறு திருத்த முடியாத பிழைகளை எழுதினேன். ஐந்து வெவ்வேறு எண்கள். ஒரே நேரத்தில் ஐந்து கோர்கள் கெட்டுப்போகுமா? அப்போதுதான் கடைக்காரரின் பதிலின் மீது எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

பதிவேட்டில் இருந்த தேதி

அந்த ஆறுக்கும் முன்பு, 19 என்ற எண்ணில் ஏராளமான குறிப்புகள் இருந்தன. எல்லாம் கணினி சத்தமில்லாமல் திருத்திக்கொண்ட பிழைகள். கீழே கீழே போய் முதல் குறிப்பின் தேதியைப் பார்த்தேன். விடுமுறையின் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. அதற்கு முன்பு ஒன்றுகூட இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது? கைப்பேசியில் அந்த நாளின் படங்களைத் திறந்தேன். முதல் படமே பதில் சொன்னது. கணினியின் வேகத்தை அளக்கும் மென்பொருளின் திரைப்படம் அது. தோழிகளுக்குப் பெருமையாக நான்தான் அனுப்பியிருந்தேன்.

அன்று மாலை ஒரு காணொளியைப் பார்த்து, பயோஸுக்குள் போய், 3200 வேகத்துக்கென விற்கப்பட்ட ரேமை 3600இல் ஓடும்படி மாற்றியது நான். கணினி உடனே நின்றுபோயிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அது நிற்கவில்லை. நன்றாக ஓடியதால் மாற்றியதையே மறந்துவிட்டேன். மூன்று வாரங்களாகக் கணினி தன் பிழைகளைத் தானே திருத்திக்கொண்டு ஓடியிருக்கிறது. திருத்த முடியாத நிலை வந்த காலையில் நான் தம்பியை எழுப்பித் திட்டினேன்.

ரேமின் வேகத்தை மாற்றினால் புராசசர் ஏன் புகார் சொல்கிறது? முன்பு ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி மதர்போர்டில் தனிச் சில்லாக இருந்தது. ஏஎம்டி நிறுவனம் 2003இலும் இன்டெல் 2008இலும் தங்கள் மேசைக் கணினிப் புராசசர்களில் அதைப் புராசசருக்கு உள்ளேயே கொண்டுவந்தன. ஆகவே, ரேமை அதன் அளவுக்கு மீறி விரட்டும்போது புராசசரின் ஒரு பகுதியையும் சேர்த்தே விரட்டுகிறோம். ‘புராசசரில் பிழை’ என்று செய்தி சொன்னது பொய்யில்லை. பிழை அங்கேதான் நடந்தது. அதற்குக் காரணம்தான் வேறு.

நிரூபிக்காமல் விடக்கூடாது

தேதி பொருந்திவிட்டது என்பதற்காக வழக்கை மூடிவிட முடியாது. பயோஸ் அமைப்பை இயல்புநிலைக்குத் திருப்பினேன். மெம்டெஸ்ட் 86 என்னும் இலவசச் சோதனை மென்பொருளை யூஎஸ்பியில் ஏற்றி, இரவு முழுவதும் ரேமைச் சோதிக்கவிட்டேன். பிழை இல்லை. அதன் பிறகு ஆறு நாள்கள், தினமும் காலையில் கணினி நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது முடுக்கி, பதிவேட்டைப் பார்த்தேன். புதிய குறிப்பு ஒன்றும் இல்லை.

ஏழாம் நாள், வேண்டுமென்றே 3600ஐத் திரும்ப வைத்தேன். மறுநாள் காலையே 19 வந்துவிட்டது. மீண்டும் இயல்புநிலைக்கு மாற்றினேன். பிழை நின்றது. நான் விரும்பும்போது வரவும் போகவும் செய்யும் பிழைக்குத்தான் காரணம் தெரிந்துவிட்டது என்று துணிந்து சொல்லலாம். ஒரு பாகத்தை மாற்றினேன், சரியாகிவிட்டது என்பது மட்டும் போதாது. அந்தப் பாகத்தை மாற்றும்போது தளர்ந்திருந்த ஒரு கம்பியை நாம் அறியாமலே அழுத்திவிட்டிருக்கலாம்.

புராசசரே குற்றவாளியாகவும் இருக்கலாம்

இப்படிச் சொல்வதால் புராசசர் கெடவே கெடாது என்று எண்ணவேண்டாம். 2024இல் உலகமே பேசிய சம்பவம் ஒன்று உண்டு. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புராசசர்கள் சில நிலைகுலைந்தன. விளையாட்டுகளைத் திறந்த பலருக்கு வந்த செய்தி என்ன தெரியுமா? ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்பது. அதைப் படித்தால் யாரும் கிராபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகிப்பார்கள். உண்மையில், புராசசர் தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கித் தன்னைத்தானே தேய்த்துக்கொண்டிருந்தது. இன்டெல் அந்த ஆண்டு ஆகஸ்டில் திருத்த மென்பொருளை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் மேலும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே கெட்டுப்போன புராசசரை அந்தத் திருத்தத்தால் மீட்க முடியவில்லை, மாற்றவேண்டியிருந்தது.

என் கதையில் செய்தி புராசசரைக் காட்டியது, காரணம் வேறு. இந்தக் கதையில் செய்தி வேறொன்றைக் காட்டியது, காரணம் புராசசர்.

செய்தியே வராத பிழையும் உண்டு. 2021இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களின் கணினி ஒன்றில் ஒரே ஒரு கோர் மட்டும் தவறாகக் கணக்கிட்டது. 1.1ஐ 53 முறை பெருக்கினால் முழு எண்ணாக 156 வரவேண்டும். உங்கள் கணிப்பானிலேயே போட்டுப் பாருங்கள். அந்தக் கோர் 0 என்றது. நீலத்திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. அதை நினைத்தால், தன் பிழையைத் தானே சொல்லி நிற்கும் கணினி எவ்வளவோ மேல்.

உங்கள் வீட்டில் நடந்தால்...

மலிவானதும் எளிதானதும் முதலில், செலவு வைப்பது கடைசியில். இந்த வரிசையை நினைவில் வையுங்கள்.

1. செய்தி, விளக்கு, ஒலி ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். சின்னம் வரும் முன்பா, வந்த பிறகா, எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதுங்கள்.

2. கணினி திறக்கும்போதே கோப்புகளை நகலெடுங்கள். விண்டோஸில் வட்டு பூட்டப்பட்டிருந்தால் பிட்லாக்கர் மீட்புச் சாவியையும் குறித்து வையுங்கள். பயோஸை மாற்றிய பிறகு கணினி அதைக் கேட்கக்கூடும்.

3. பயோஸை இயல்புநிலைக்குத் திருப்புங்கள். திரையே வராவிட்டால், மின்கம்பியைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் உள்ள சிஆர்2032 நாணய மின்கலத்தைச் சில நிமிடங்கள் எடுத்துவிட்டுத் திரும்பப் போடலாம்.

4. பயோஸ் திரையில் புராசசரின் வெப்பநிலையைப் பாருங்கள். முடுக்கியவுடனேயே வெப்பம் மளமளவென்று 90 பாகையை நோக்கி ஏறினால், குளிர்விப்பான் சரியாகப் பொருந்தவில்லை அல்லது அதன் விசிறி ஓடவில்லை என்று பொருள். தூசியையும் கவனியுங்கள்.

5. புராசசருக்கு அருகே செருகப்படும் 8 முனை மின்கம்பி முழுமையாக அழுந்தியிருக்கிறதா? அது இல்லாமல் விசிறிகள் சுழலும், திரை வராது. பெட்டியைத் தொடும் முன் மின்கம்பியைக் கழற்றி, இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்குங்கள். பவர் சப்ளையை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். கம்பியைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

6. ரேம்களை ஒவ்வொன்றாகத் தனியே போட்டு முடுக்கிப் பாருங்கள்.

7. இவ்வளவுக்குப் பிறகும், இயல்புநிலை அமைப்பிலேயே ஒரே கோர் எண் திரும்பத் திரும்ப வந்தால், புராசசரைச் சந்தேகிக்கலாம். முடிந்தால் அதே வகை வேறொரு கணினியில் போட்டு உறுதி செய்யுங்கள். வாங்கும் முன் பழையதன் உத்தரவாதக் காலத்தையும் பாருங்கள்.

கடைக்காரர் மீது எனக்குக் கோபமில்லை. நான் ஒரே ஒரு படத்தை அனுப்பினேன். அந்தப் படத்தில் இருந்ததை அவர் சொன்னார். ரேமின் வேகத்தை மாற்றியதை நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்கே நினைவில்லையே! கணினியில் நாம் செய்யும் மாற்றத்தை எழுதி வைக்கவேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். பதிவேட்டையும் என் திரைப்படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினேன். இரண்டு தேதிகளையும் நிதானமாகப் பார்த்தான். “இத அப்பாகிட்டயும் நீயே காட்டுக்கா” என்றான். கேட்பதற்கு அவனுக்கு உரிமை இருந்தது.

காட்டினேன். அப்பா பாதிதான் புரிந்துகொண்டிருப்பார். “அப்ப காசு வேணாமா?” என்று மட்டும் கேட்டார். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் அவர் வீட்டில் இருந்தார்.

அந்தப் பயிற்சிப் புத்தகம் இப்போதும் கணினிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. பயோஸில் யார் எதைத் தொட்டாலும், தேதியோடு அதில் எழுதவேண்டும். இந்த விதியைப் போட்டவன் என் தம்பி.